பழுப்பு வில்லை

ஆயுத பூசை, இரவு 11.40

இதைக் கண்டெடுப்பவரே, உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். காட்டினால் என் அண்ணன் செழியனை வெளிக்கதவுக்கு அப்பால் அனுப்பிவிடுவார்கள். செவ்வாயில் வெளியே காற்று கிடையாது.

எங்கள் குடியிருப்புக்கு ஒரே குளம். எல்லார் வீட்டுக் கழிவுநீரும் தொட்டியில் சுத்தமாகி அதில்தான் சேரும். தொட்டியில் மிதக்கும் பிளாஸ்டிக் வில்லைகளில் பழுப்பாக, வழவழவென்று ஒட்டியிருப்பது பாக்டீரியா. கழிவிலுள்ள அம்மோனியாவையும் பாஸ்பரசையும் அதுதான் தின்று தீர்க்கும். அதனால்தான் குளத்தில் பாசி இல்லை, மீன் பிழைக்கிறது, நாங்களும் குடிக்கிறோம். பள்ளியில் படித்தேன்.

அண்ணன் படிக்கவில்லை. தொட்டி வேலைக்குப் புதிது. பூசைக்கு எல்லா இயந்திரத்தையும் கழுவிப் பொட்டு வைப்பது வழக்கம். அவன் வில்லைகளையும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துவிட்டான். என்னைக் கூட்டிப்போய்க் காட்டினான்.

"எப்படிப் பளபளன்னு இருக்கு பாத்தியா? எட்டிப் பாரு, உன் மூஞ்சி தெரியும். பயந்துராத."

நான் விஷயத்தைச் சொன்னதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

பூசை முடிந்து ஐந்தாம் இரவு, 12.10

குளம் பச்சையாகிவிட்டது. கரையில் மூத்திர நெடி. கெண்டைகள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வருகின்றன. பூமியிலிருந்து புது பாக்டீரியா வர எட்டு மாதம் ஆகுமாம்.

ஒலிபெருக்கியில் தலைவர் ராக்கப்பன்: "தொட்டியில கை வச்சவன் தானா வந்துரு. வரலைன்னா வீடு வீடா வருவோம். அப்புறம் அழுது பிரயோசனம் இல்ல."

என்னிடம் ஒரு வில்லை இருக்கிறது. நொண்டியடித்துப் பாண்டி ஆட, கட்டத்தில் எறியும் சில்லுக்காகப் பூசைக்கு முன்பே தொட்டியிலிருந்து எடுத்தது. ஈரப்பையில் கிடந்ததால் பழுப்பு அப்படியே இருக்கிறது. குளியலறையில், அழுக்குத் துணிக்கூடைக்குப் பின்னால், ஒரு வாளிக் குளத்து நீரில் போட்டு, என் சின்ன மீன்தொட்டியின் காற்றுக்குழாயைச் செருகியிருக்கிறேன். அண்ணனிடம் சொல்லவில்லை. வீணாக ஆசை காட்டப் பயம்.

பதினெட்டாம் இரவு, 1.35

குளத்தில் மீன் இல்லை. எல்லாம் செத்துவிட்டது. சேமிப்பு நீரை டம்ளர் கணக்கில் தருகிறார்கள்.

ஆனால் வாளியில் நெடி இல்லை! என் மீன்குஞ்சை அதில் விட்டேன். நீந்துகிறது. இந்த ஒன்றை வைத்துத் தொட்டி முழுக்க வளர்க்கலாம். விடிந்ததும் கொண்டுபோக வேண்டும். வில்லை உன் வீட்டுக்கு எப்படி வந்தது என்று கேட்பார்கள். என்ன சொல்வது

1.52

பக்கத்து வீட்டில் சோதனை. அண்ணன் விழித்துவிட்டான். எதையாவது மறைக்க வேண்டுமா என்று தேடி, கூடையை நகர்த்தினான்.

"ஏய், இது எப்படி இங்க வந்துச்சு? பழுப்போட பாத்தா, தொட்டியில எடுத்ததுன்னு என்னைக் கொன்னுருவாங்கடி!"

நான் வாய் திறப்பதற்குள் குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டான். கத்தினால் வெளியே கேட்கும். ஒரு தாளில் எழுதிக் கதவிடுக்கில் தள்ளினேன். எடுக்கவில்லை.

தேய்க்கிற சத்தம்.

பிளீச்சிங் பவுடர் வாசனை.

வாசலில் தட்டுகிறார்கள். அண்ணா, அதில்தான்