கடைமடைக்கு வராத பதிவுகள்

சார்,

உங்கள் மகன் கூப்பிட்டதால் தஞ்சாவூரில் இறங்கினேன். பேருந்து நிலையச் சுவரில் உங்கள் முப்பதாம் நாள் அஞ்சலி போஸ்டர். பசை காயவில்லை; புளித்த வாடை. படத்துக்குக் கீழே 'டெல்டா இளைஞர்களுக்கு வாழ்வளித்த வள்ளல்' என்று போட்டிருந்தார்கள். டீயைப் பாதியில் வைத்துவிட்டேன்.

அமெரிக்காவிலிருந்து வந்து இங்கே நீங்கள் கம்பெனி தொடங்கியபோது, சென்னைச் சம்பளத்தில் பாதிக்கு வந்து சேர்ந்தவர்கள் நாங்கள். திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து நான், அதிராம்பட்டினத்திலிருந்து ஜமீலா. எதைக் கேட்டாலும், "ஊர்லயே வேலை குடுத்திருக்கேன்ல?" என்பீர்கள்.

துபாய்க் கடைகளின் பில்லிங் நம் சர்வரில் ஓடியது. யார் உள்ளே வந்தார், எதைத் தொட்டார் என்பதெல்லாம் வரிவரியாக லாக் கோப்பில் விழும். இன்னொரு மென்பொருள் அதைப் படித்து, தேடுவதற்கு வசதியாக அட்டவணை போட்டு வைக்கும். கோப்பு நிறைந்ததும் புதியது திறக்கும்; மிகப் பழையது அழியும். நீங்களோ கோப்பைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கியிருந்தீர்கள். விற்பனை கூடும் நாளில், அந்த மென்பொருள் படித்து முடிப்பதற்குள் கோப்பே போய்விடும்.

சொன்னேனே சார். "முறை வச்சுத் தண்ணி விடுறப்ப, கடைமடைக்கு வர்றதுக்குள்ள ஷட்டரை இறக்குற மாதிரி இருக்குங்க. கோப்பைப் பெருசாக்குவோம். பழசை இன்னும் கொஞ்ச நாள் வச்சிருப்போம்."

சிரித்தீர்கள். "டிஸ்க்ல இடம் என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தாடா?"

உங்கள் வயல் தலைமடையில். தண்ணீர் வராமல் நாற்று கருகுவதை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்?

பெருநாள் விற்பனையின்போது ஒரு கடையின் பில்கள் மொத்தமாகக் காணாமல் போயின. அந்த சர்வருக்குள் போகக்கூடியவர்கள் நீங்கள், நான், ஜமீலா. அட்டவணையில் தேடினோம். விற்பனை சூடுபிடிக்கும் முன், காலையில் ஜமீலா உள்ளே வந்தது மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

"லாக்ல வேற யாரு பேரும் இல்ல. அப்ப நீதான்."

"அல்லா மேல ஆணையா நான் தொடலைங்க சார்."

"சத்தியமெல்லாம் வேணாம்மா. லாக்ல காட்டு."

மீதி வரிகள் மென்பொருள் படிக்கும் முன்பே அழிந்துவிட்டன என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். காதில் வாங்கவில்லை நீங்கள். அன்றே அவளை அனுப்பினீர்கள். சாப்பாட்டுப் பையோடு வாசலில் நின்று என்னிடம் கேட்டாள்: "நீ அத்தனை தடவ சொன்னியே, அவரு ஒரு தடவ கேட்டிருந்தா எனக்கு இது வருமா?"

அந்த மாதத்தோடு நானும் விலகினேன். எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. பில்லை அழித்தவள் என்ற பேச்சு அவள் போன இடமெல்லாம் அவளுக்கு முன்னால் போனது. பட்டுக்கோட்டை ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள் இப்போது. அழித்தது நீங்களா? தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியை அடைத்தது நீங்கள்தான்.

உங்கள் மகன் எதற்குக் கூப்பிட்டான் தெரியுமா? வாடிக்கையாளர் பட்டியலை யாரோ வெளியே கொடுத்துவிட்டார்களாம்; நான் லாக்கைப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். நாகப்பட்டினத்திலிருந்து புதிதாக வந்த பெண்ணைக் காட்டினான். "லாக்ல அவ பேரு மட்டும்தான்ணே இருக்கு." உங்கள் குரலேதான். திறந்து பார்த்தேன். அதே தீப்பெட்டி.

"வேற பேரு இல்லைன்னா வேற யாரும் வரலைன்னு அர்த்தமில்ல தம்பி. உங்கப்பா வச்ச அளவு இது. மத்த பேரெல்லாம் அழிஞ்சுபோச்சு. இதை வச்சு இந்தப் பொண்ணை அனுப்பினா, உங்க லாக் லட்சணத்தை உன் வாடிக்கையாளருக்கெல்லாம் நானே சொல்லுவேன்."

கோப்பின் அளவைப் பெரிதாக்கினேன். மிக நெரிசலான நாளின் வரிகளும் அந்த மென்பொருள் படித்து முடிக்கும்வரை தங்கும்படி பழைய கோப்புகளைக் கூட்டி வைத்தேன். நான் கிளம்பும்போது அந்தப் பெண் தன் நாற்காலியில்தான் இருந்தாள்.

எந்த சர்வரைத் தொட்டாலும் முதலில் அந்த அளவைத்தான் பார்க்கிறேன். உங்களிடமிருந்து எனக்கு மிச்சம் அது ஒன்றுதான். நாளைக்கு உங்கள் முகத்தின்மேல் வேறு போஸ்டர் ஒட்டிவிடுவார்கள். என்னிடம் நீங்கள் அப்படியே இருப்பீர்கள் சார், ஜமீலா வாசலில் நின்ற அந்த நாளோடு.