நாவுல வளைவில் புதுக் கோடு

இன்று காலை நாவுலைக்கு இந்தப் பக்கத்து வளைவில் வாகனங்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். கார்க் கண்ணாடியை இறக்கியிருந்தேன். முதலில் வாடைதான் வந்தது. சூடான பெயின்டும் தாரும் கலந்த வாடை. எட்டிப் பார்த்தேன். நாலைந்து பேர் ஒரு தள்ளுவண்டியை வைத்துக்கொண்டு நடுப்பாதையில் வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். வளைவு முழுவதும் அறுபடாத ஒரே கோடு. நீ போய் மூன்று வருடம் கழித்து, இப்போதுதான் போடுகிறார்கள்.

எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

நாம் இருவரும் மாத்தளையில் ஒரே விவசாய அலுவலகம். லக்கல, பல்லேகமப் பக்கம் வேலை விழுந்தால் பஸ்ஸை நம்பிப் போவோம். பொழுது சாய்ந்தால் யானை இறங்கும் என்று பாதி வேலையில் திரும்பி வருவோம். அது அலுத்துப்போய்த்தான் நீ அந்தப் பழைய சின்னக் காரை வாங்கினாய். ஓட்டப் பழக இருவருமாகவே பேர் கொடுத்தோம். பழக்கியவருக்கு கியரும் பிரேக்கும் போதும். பாதையில் போட்டிருக்கும் கோடுகளைப் பற்றி நீ கேட்டபோது சிரித்தார்.

"அதெல்லாம் எழுத்துப் பரீட்சைக்குத்தான் மிஸ். ஓட்டுறப்ப யாரு பாக்குறா?"

"நான் பாப்பேன்," என்றாய்.

பார்த்தாய். கோடு விட்டுவிட்டு இருந்தால், எதிரே வெறுமையாக இருக்கும்போது மட்டும் முந்துவாய். அறுபடாமல் இருந்தால், எதிரே ஒன்றும் தெரியாவிட்டாலும் தாண்ட மாட்டாய். இரண்டு கோடு சேர்ந்து வந்தால் நம் பக்கத்தில் இருப்பது அறுபட்டதா அறுபடாததா என்று பார்ப்பாய். உன்னோடு போய்ப் போய் எனக்கும் அது பழகிவிட்டது.

தம்புள்ளையில் ஒரு நாள் என் பொறுமை போய்விட்டது. மரக்கறி லொறிகள் இரண்டு தடத்தையும் அடைத்துக்கொண்டு போகும் இடம். நாம் இடத் தடத்தில் இருந்தோம். வலப்பக்கம் திரும்ப வேண்டும். கண்ணாடியைப் பார்த்தாய், சிக்னல் போட்டாய், பிறகு கழுத்தைத் திருப்பித் தோளுக்கு மேலாலும் பார்த்தாய். கண்ணாடியில் தெரியாத ஒரு மோட்டார் சைக்கிள் அந்த நொடியில் சீறிக்கொண்டு போனது. பின்னாலிருந்து ஒரே ஹோர்ன் சத்தம்.

"சிக்னல்தான் போட்டாச்சுல்ல, போயேன்டி," என்றேன்.

"சிக்னல் போடுறது கேக்குறதுடி. கேட்டவுடனே குடுத்துட்டாங்கன்னு ஆகிருமா?"

இடம் கிடைக்கவில்லை. திருப்பத்தை விட்டுவிட்டு நேரே போய், எங்கேயோ சுற்றிக்கொண்டு வந்தாய். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். கச்சான் கடலை வாங்கித் தந்து சிரிக்க வைத்தாய்.

நீ போன அன்று பின்னேரமும் தம்புள்ளையில் கூட்டம் முடிந்துதான் வந்துகொண்டிருந்தோம். நாவுல வளைவில் பின்னால் ஒரு ஜீப், வழி விடச் சொல்லி விடாமல் ஹோர்ன் அடித்தது. அங்கே அறுபடாத கோடு வெயிலிலும் டயரிலும் தேய்ந்து பாதி அழிந்திருந்தது. நீ அதையும் கோடாகவே எடுத்துக்கொண்டாய்.

"கோடு முடியட்டும், விடுறேன்," என்றாய்.

நீ கடைசியாகப் பேசியது அதுதான். எதிரே வந்த லொறிக்குப் பின்னாலிருந்து ஒரு வேன் முந்தப் பாய்ந்து, முழுதாக நம் பக்கத்துக்கு வந்தது. நீ தண்ணீர் ஓடும் கான் ஓரம் வரை இடப்பக்கம் ஒடித்தாய். போதவில்லை. என் கை முறிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உன் மூச்சு நின்றுவிட்டது. ஜீப்காரரும் லொறிக்காரரும் நிற்காமலே போய்விட்டார்கள். சாட்சி சொல்ல யாரும் வரவில்லை.

செத்த வீட்டில் நான் கேட்டதெல்லாம் உனக்குத் தெரியாது. "பொம்பளைக்கு எதுக்கு இந்த ரூட்டுல கார்?" என்றார்கள். உன் கணவர் வந்தவர்களிடமெல்லாம், "நான் வேணாம் வேணாம்னுதான் சொன்னேன், கேட்டாளா?" என்று சொல்லி அழுதார். வேன் ஓட்டியவனின் அண்ணனும் வந்திருந்தான். "அந்த எடத்துல கோடே தெரியலீங்க, தம்பி என்ன பண்ணுவான்?" என்றான். உன் கணவர் தலையாட்டினார்.

"கோடு தெரியல, சரி. வளைவுமா தெரியல?" என்று நான் கேட்டேன். உன் மாமியார் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

பொலிஸில் கேட்ட முதல் கேள்வி, நீ எவ்வளவு காலமாக ஓட்டுகிறாய் என்பது. அவர்களை வளைவுக்கு வரச் சொல்லி, எனக்குத் தெரிந்த அளவு சிங்களத்தில் மன்றாடினேன். கட்டுப்போட்ட கையோடு நின்று, தூசியைக் காலால் தள்ளிக் காட்டினேன். கோடு இருந்தது. உடைந்த கண்ணாடித் துண்டுகள் எல்லாம் நம் பக்கத்தில் கிடந்தன. படம் பிடித்துக்கொண்டார்கள். அதனால்தான் அவன் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். ஒப்புக்கொண்டு என்ன? சிறைத் தண்டனையை ஒத்திவைத்தார்கள். லைசன்ஸைக் கொஞ்ச காலம் தடுத்து வைத்தார்கள். இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் வேன் ஓட்டுகிறான். ஒரு நாள் மாத்தளை டவுனில் எதிரே வந்தான். என்னைத் தெரியாதவன் போலக் கடந்து போனான்.

இந்த வருடத் திவசத்திலும் பேச்சு அங்கேதான் வந்து நின்றது. உன் கணவரின் மச்சான் சாப்பிட்டுக்கொண்டே, "வண்டியில கை வைக்காம இருந்திருந்தா இன்னைக்கு இருந்திருப்பா," என்றார். உன் மகள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றுவிட்டது.

"அவ ஒரு தப்பும் பண்ணலீங்க. அவ அவ பக்கத்துலதான் இருந்தா," என்றேன்.

"இப்ப எதுக்கு அதெல்லாம்? போனவ திரும்பியா வரப்போறா?" என்றார் உன் கணவர்.

"வரமாட்டா அண்ணே. அதுக்காகப் பழியையும் அவ மேலயே போடணுமா?"

அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார். உன் மகள் செம்பை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இனி என்னை அந்த வீட்டுக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஒழுங்காக ஓட்டினால் ஒழுங்காக வீடு வந்து சேரலாம் என்று நம்பியவள் நீ. அந்த நம்பிக்கை எனக்குப் போய்விட்டது. ஆனாலும் நீ பார்த்த பல்லேகம வேலையை இப்போது நான்தான் பார்க்கிறேன். நீ ஓட்டியபடியேதான் ஓட்டிப் போகிறேன். மனசை ஆற்றிக்கொள்ளச் சொல்கிறார்கள். எனக்கு ஆறவில்லை, ஆற வேண்டும் என்ற ஆசையும் இல்லை. நீ உன் பக்கத்தில்தான் இருந்தாய் என்று கண்ணால் கண்டு சொல்ல நான் ஒருத்திதான் இருக்கிறேன்.