பூஜ்யம் வாங்கியவர்

8 ஜனவரி 2025, புதன்

செங்கல்பட்டு காலேஜில் கடைசி செமஸ்டர். இன்று புதுப் பாடம் ஆரம்பம்: மருத்துவ உளவியலில் சமகாலச் சிக்கல்கள். ஜாக்குலின் மேடம் தன்னுடைய டிபன் டப்பாவில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார். இரண்டு பேருக்கு ஒரு தலைப்பு. எனக்கு ஜோடி அரசு. வகுப்பில் இருக்கிற நாலு பையன்களில் ஒருவன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பம். இந்த மூன்று வருஷத்தில் அவனோடு பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

எங்கள் சீட்டில் வந்தது: வெளிநாட்டில் எழுதின மனச்சோர்வுக் கேள்வித்தாள் நம் ஊர் ஆட்களுக்குப் பொருந்துமா?

சாயங்காலம் அப்பா போன் செய்தார். எங்கள் ஊர் செய்யூரில் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, கொல்லையில் களை எடுக்கிறார்களாம். இந்தப் பாடம் படித்தால் யார் பைத்தியம், யார் தெளிவு என்று சொல்லிவிடுவாயா என்று கேட்டார். இன்னும் மூணு மாசம் ஆகும்பா, அதுவரைக்கும் ஜாக்கிரதையா இருங்க என்றேன். அவர் சிரித்தது ஹாஸ்டல் வராந்தா முழுக்கக் கேட்டிருக்கும்.

19 ஜனவரி, ஞாயிறு

வயிறு இன்னும் வலிக்கிறது. சிரித்து.

அரசுவின் குப்பத்துக்குப் போனோம். மீன் ஏலம் முடிந்து கொட்டகை நிழலில் பதினாறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தாளில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான் என்று முதலிலேயே சொன்னேன். பிறகு அச்சடித்த தமிழை அப்படியே வாசித்தேன். "கடந்த இரண்டு வாரங்களில் நம்பிக்கையற்ற மனநிலையை எத்தனை நாட்கள் உணர்ந்தீர்கள்?" அரசுவின் அம்மா வச்சலா, "இன்னாம்மா, நீ ரேடியோவுல நூஸ் படிக்கிறியா?" என்றார்.

அதற்குப் பிறகு சிரிப்பு நிற்கவே இல்லை. விடியும் முன்பே விழிப்பு வந்துவிடுகிறதா என்று கேட்டால், மூணு மணிக்கு எழுந்தால்தானே மீன் எடுக்க முடியும் என்றார்கள். அசதியாக இருக்கிறதா? கூடையைத் தலையில் வைத்து நாலு தெரு சுற்றி வா, தெரியும் என்றார்கள். எல்லாவற்றுக்கும் 'தினமும்' என்று டிக். கூட்டிப் பார்த்தால் பதினாறில் பதினாலு பேருக்கு மனச்சோர்வு.

எல்லாரையும் விட அதிகமாக எங்களைச் சிரிக்க வைத்தவர் ஓர் அம்மா. ஐம்பது வயது இருக்கும். சந்திரம்மா என்று வைத்துக்கொள்கிறேன், உண்மைப் பெயர் அது அல்ல. "மொத்தக் குப்பத்தையும் வேன்ல ஏத்தி ஆஸ்பத்திரியில சேத்துடு. அங்கன்னா ஆறு மணி வரைக்கும் தூங்கலாம்" என்றார். அவருடைய தாளில் மட்டும் எல்லாமே 'இல்லை'. பூஜ்யம்.

20 ஜனவரி, திங்கள்

பதினாறில் பதினாலு. மேடத்திடம் இதை எப்படிக் காட்டுவது?

22 ஜனவரி, புதன்

காட்டினோம். திட்டு விழும் என்று நினைத்தேன். மேடம் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். இதுதான் உங்கள் ப்ராஜெக்ட், இனிமேல்தான் வேலை, அந்தப் பெண்களையே கேள்வி எழுதச் சொல்லுங்கள் என்றார். கிளம்பும்போது, மதிப்பெண் அதிகமாக வந்தவர்களைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்களே, குறைவாக வந்தவர்களைப் பார்த்தீர்களா என்று கேட்டார். இல்லை. தோன்றவே இல்லை.

2 பிப்ரவரி, ஞாயிறு

எங்கே ஆரம்பிப்பது?

காலை முழுக்கச் சந்தோஷம். வறுத்த நெத்திலி ஒரு தட்டு நடுவில். பெண்கள் ஆளுக்கு ஒரு வார்த்தை கொடுத்தார்கள், அரசு எழுதிக்கொண்டே வந்தான். 'மனசு பேஜாரா கீது.' 'நெஞ்சு கனமா கீது.' 'ஒண்ணும் ஓட மாட்டேங்குது.' 'வெறிச்சுனு கீது.' மூணு மணிக்கு எழுவது கணக்கில் வராது. படுத்த பிறகும் தூக்கம் வராமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பதுதான் கணக்கு என்று சொன்னது வச்சலா அம்மா. எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு தெளிவாக நான் படித்ததில்லை.

அரசு அங்கேயே தங்கிவிட்டான். நான் பஸ்ஸுக்கு நடந்தேன். சந்திரம்மா பின்னாலேயே வந்தார். சவுக்குத் தோப்பைத் தாண்டினோம். பிறகு சொன்னார்:

"அந்தத் தாளுல நான் போட்டது அத்தினியும் பொய்யி."

பையன் சிறுசேரியில் வேலைக்குப் போகிறான். வீடு கட்டியாகிவிட்டது. வீட்டுக்காரர் குடிப்பதில்லை. "எல்லாம் நல்லாத்தான் கீது. எனக்கு மட்டும் ஒண்ணும் நல்லால்ல." ஒரு வருஷமாக வாயில் உப்பு, காரம் எதுவும் தெரிவதில்லையாம். சிரித்துக்கொண்டே இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள், அதனால் சிரிக்கிறாராம்.

நேராகக் கேட்க வேண்டும் என்று வகுப்பில் படித்திருக்கிறோம். கேட்டேன் — சாகணும்னு தோணுதாம்மா? நின்றுவிட்டார். அப்படியெல்லாம் இல்லை, ஆனால் படுத்தால் எழுந்திருக்காமலே போய்விட்டால் பரவாயில்லை என்று சில நாள் தோன்றும் என்றார். கேட்டதற்காகக் கோபித்துக்கொள்ளவில்லை. என் கையைத்தான் பிடித்துக்கொண்டார்.

யாரிடமும் சொல்லாதே, அரசுவிடமும் சொல்லாதே என்றார். பெயர் சொல்லாமல் என் மேடத்திடம் மட்டும் கேட்கிறேன், அதைக் கேட்காமல் இருக்க என்னால் முடியாது என்றேன். யோசித்தார். சரி என்றார். அந்தப் பொய்த் தாளை எடுத்துவிடச் சொன்னார்.

3 பிப்ரவரி, திங்கள்

மேடம் குறுக்கே பேசாமல் கேட்டார். "நீ டாக்டர் இல்ல. கேட்டது நல்லது. இனிமே உன் வேலை, அவங்க டாக்டர்கிட்ட போய்ச் சேர்ற வரைக்கும் கூட நிக்கிறது. அவ்வளவுதான்." தள்ளிப்போடாதே என்றும் சொன்னார். பெரியாஸ்பத்திரியில் எந்த வாசல், எத்தனை மணி என்று விசாரித்து எழுதிக் கொடுத்தார். சாயங்காலமே சந்திரம்மாவிடம் போனில் பேசிவிட்டேன். நாளைக்கு வருகிறார்.

4 பிப்ரவரி, செவ்வாய்

வந்தார். வீட்டில் கண் டெஸ்ட் என்று சொல்லியிருக்கிறார். வரிசையில் முன்னால் நின்றவரையும் சிரிக்க வைத்துவிட்டார் — எனக்குத்தான் அழுகை வந்தது. டாக்டர் ஓர் இளம் பெண். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்துச் சந்திரம்மா வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது.

"பேரு இன்னானு கேட்டுச்சி. அப்பறம் என்னைப் பேச வுட்டுச்சி. எனக்கே தெரியல, அம்மாம் பேசினேன்" என்றார்.

மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். இரண்டு வாரத்தில் திரும்ப வர வேண்டும்.

12 பிப்ரவரி, புதன்

அரசுவோடு சண்டை.

தாள்களை எண்ணினான். பதினஞ்சு. இன்னொன்று எங்கே என்றான். ஒருத்தர் வேண்டாமென்று சொல்லிவிட்டார் என்றேன். யார்? சொல்ல முடியாது. "எங்க ஊரு ஜனங்க. எங்கிட்டயே மறைக்கிறியா?" — நோட்டை மேஜையில் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

அவன் கோபத்தில் ஞாயம் இருக்கிறது. அந்தப் பெண்களிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போனதே அவன்தான். ஆனா நான் இன்னா பண்ணுவேன்? வாயைத் தொறந்தா அந்தம்மா இனிமே யாரையாவது நம்புமா?

14 பிப்ரவரி, வெள்ளி

இரண்டு நாளாகப் பேச்சு இல்லை. இன்று லைப்ரரியில் எதிரே வந்து உட்கார்ந்தான். நோட்டைத் திருப்பிக் காட்டினான். 'பங்கேற்றவர்கள் பதினாறு. ஒருவர் விலகினார்.' அவன் கையெழுத்து.

"யாருன்னு சொல்லாத. நாளைக்கு எங்கம்மா உங்கிட்ட எதுனா சொன்னாலும் எங்கிட்ட சொல்லாத" என்றான்.

கேன்டீனில் இரண்டு டீ. பஜ்ஜி அவன் செலவு.

18 பிப்ரவரி, செவ்வாய்

இரண்டாம் தடவை ஆஸ்பத்திரி. மாத்திரை சாப்பிட்டால் மதியம் தூக்கமாக வருகிறது என்று டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். சாப்பிடும் நேரத்தை மாற்றிக் கொடுத்தார்களாம். வேறு மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

12 மார்ச், புதன்

மாசி மகம். மாமல்லபுரம் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லையாம், அரசு வகுப்புக்கே வரவில்லை.

மதியம் சந்திரம்மா போன். எனக்குத் திக்கென்றது. ஒன்றுமில்லை, சங்கரா மீன் குழம்பு வைத்தாராம். "உப்பு கம்மியா இருந்துச்சி. நானே கண்டுபுடிச்சிட்டேன்" என்றார். வீட்டில் யாரும் சொல்வதற்கு முன்னாடியே கண்டுபிடித்தாராம். இரண்டு தரம் சொன்னார்.

போனை வைத்த பிறகு ஹாஸ்டல் மொட்டை மாடியில் காயப்போட்ட துணிகளுக்கு நடுவில் போய் நின்று அழுதேன். ரூம்மேட் கவியா ஓடிவந்து என்னவென்று கேட்டாள். ஒருத்தர் வீட்டுக் குழம்பில் உப்பு கம்மி என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

21 மார்ச், வெள்ளி

செமினார் முடிந்தது!

அச்சுத் தமிழை நான் வாசித்தேன், குப்பத்துக் கேள்விகளை அரசு அவன் பேச்சிலேயே கேட்டான். "மனசு பேஜாரா கீதா?" என்றதும் வகுப்பே கைதட்டியது. மூன்று வருஷமாக வாயே திறக்காதவன் இன்றைக்கு மைக்கை விடவில்லை. புதுக் கேள்விகளில் பதினைந்து பேரில் இரண்டு பேருக்குத்தான் அதிகமாக வந்தது. அந்த இரண்டு பேரிடமும் தனியாகப் பேசி, ஆஸ்பத்திரி விவரம் கொடுத்திருக்கிறோம்.

வெளியிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர், அப்படியானால் பழைய கேள்வித்தாள் எல்லாம் வீணா என்று கேட்டார். என்னிடம் இருந்ததிலேயே நல்ல பதில் சவுக்குத் தோப்பு ஓரமாகக் கேட்டது. அதைச் சொல்ல முடியாது. விழுங்கிக்கொண்டேன். "வீணில்லை சார். பேச ஆரம்பிக்க அது உதவுகிறது. ஆனால் பூஜ்யம் வந்தவரோடும் உட்கார்ந்து பேச வேண்டும்" என்று மட்டும் சொன்னேன். அவர் ஏதோ குறித்துக்கொண்டார். ஜாக்குலின் மேடம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கிறார் என்று தெரிந்தது.

மேல்படிப்புக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருக்கிறேன். இரண்டு. ஒன்று அரசுவுக்கு.

17 ஏப்ரல், வியாழன்

மதியம் பரீட்சை. லீவுக்குப் போயிருந்த ஊரிலிருந்து கிளம்பி, திருக்கழுக்குன்றத்தில் மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு வருகிற பஸ்ஸுக்கு மாறினேன். மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்துவிட்டது, பஸ்ஸில் கூடைகளே இல்லை. கூட்டத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நோட்ஸைப் புரட்டிக்கொண்டிருந்தபோது முன் சீட்டிலிருந்து சந்திரம்மா குரல். கண்டக்டரிடம் ஏதோ வழக்கு. செங்கல்பட்டில் எங்கே இறங்க வேண்டும் என்று கண்டக்டர் கேட்டிருக்கிறார்.

"பெரியாஸ்பத்திரிக்கு ரெண்டு. மனசு டாக்டரைப் பாக்கப் போறோம்" என்றார், பஸ் முழுக்கக் கேட்கும்படி.

பக்கத்தில் ஒரு பெண், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. அடுத்த குப்பமாம், நான் பார்த்ததே இல்லை. சந்திரம்மா அவர் மணிக்கட்டை விடவே இல்லை.

ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இருவரும் எழுந்தார்கள். நானும் பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். சந்திரம்மா திரும்பிப் பார்த்தார்.

"நீ எங்க வர்ற? உனக்குப் பரீட்ச. இவள நான் இட்டுனு போறேன்."

இறங்கி, எந்த வாசல் என்று யாரையும் கேட்காமல், அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வேகமாக நடந்தார். பஸ் கிளம்பிவிட்டது. அவர்கள் எழுந்து போன சீட்டில் உட்கார்ந்து, விட்ட பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.