கதவு சாத்தாத வீடுகளுக்கு

ஸுக்திதி,
20 அக்டோபர் 1994

அன்புள்ள தம்பி கோச்சாவுக்கு,

நீயும் அத்தையும் நலமா என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். கேட்க மனம் வரவில்லை.

உங்கள் பக்கத்து வீட்டு லமாரா இங்கே வந்தபோது ஒரு பை வால்நட்டும் ஒரு செய்தியும் கொண்டுவந்தாள். திராட்சை அறுவடை விருந்தில் நீதான் தமாதாவாம், கிண்ணம் தூக்கி எல்லோருக்காகவும் வாழ்த்துச் சொல்கிறவன். இறந்தவர்களுக்கான வாழ்த்தின்போது உன் அண்ணனுக்காக ரொட்டியில் ஒயின் ஊற்றினாயாம். மறுநாளே அத்தை கறுப்பு உடுத்திவிட்டாராம்.

மல்காஸ் இறந்துவிட்டார் என்று உனக்கு யார் சொன்னது? போன வருஷம் போரில் சுகுமி நகரம் விழுந்த நாளிலிருந்து அவரைக் காணவில்லை, அவ்வளவுதான். நான் இங்கே ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைகிறேன். நீ அங்கே ஒரு வாய் ஒயினில் என்னை விதவையாக்கிவிட்டாய். ஊர் ஒருவரை அந்தப் பக்கம் சேர்த்துவிட்டால் அப்புறம் யாரும் தேட மாட்டார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. உடனே பதில் போடு.

உன் அண்ணி,
சியூரி

ககேத்தி,
2 நவம்பர் 1994

அன்புள்ள அண்ணிக்கு,

திட்டுங்கள், ஆனால் நடந்ததைக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள். அண்ணன் பெயரை நான் சொல்லவே இல்லை. அப்பாவுக்காக ரொட்டியில் ஊற்றி முடித்திருந்தேன். அந்த நேரம் பார்த்து வானோ மாமா, "டேய், மல்காஸுக்கு எந்தக் கிண்ணம்டா? இதுவா, உசுரோட இருக்கிறவங்களுக்கு எடுப்போமே, அதுவா?" என்று சத்தமாகக் கேட்டுத் தொலைத்தார். என் கை நடுங்கிவிட்டது. ஒயின் ரொட்டியில் சிந்திவிட்டது.

மேசையே சிலுவை போட்டுக்கொண்டது. "ஐயோ, கை தவறிருச்சுய்யா!" என்று கத்தினேன். யார் கேட்டார்கள்? அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

உங்கள் தம்பி,
கோச்சா

ஸுக்திதி,
19 நவம்பர் 1994

தம்பி,

நம்புகிறேன். அப்படியானால் சரிசெய். புத்தாண்டு விருந்தில் உயிரோடிருப்பவர்களோடு அவர் பெயரைச் சொல். அத்தை கறுப்பைக் கழற்ற வேண்டும். அதுவரை அந்த வீட்டுப் படியை நான் மிதிக்க மாட்டேன்.

சியூரி

ககேத்தி,
25 ஜனவரி 1995

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் சொன்னபடி செய்யவில்லை. கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெரியாததைத் தெரிந்த மாதிரி எப்படிச் சொல்வேன்? இறந்தவர்களுக்குக் குடித்தோம். அடுத்த வாழ்த்துக்கு முன்னால் என் வாயில் தானாக வந்தது: "கதவு சாத்தாத வீடுகளுக்கு!"

நம் வீடு போலவே, ஆள் திரும்பாமல் வாசலைப் பார்த்திருக்கும் வீடு நம்மூரில் இன்னும் நான்கு இருக்கிறதே. ஆண்கள் யோசிப்பதற்குள் அந்த வீட்டுப் பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். அம்மாதான் கடைசியில் எழுந்தார். "இந்தக் கிண்ணத்துக்குக் கறுப்பு வேணுமாடா?" என்று கேட்டார். "வேணாம்மா" என்றேன். கறுப்புத் தலைத்துணியை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அதைக் கட்டவில்லை.

ஒரு கூத்து கேளுங்கள். போன வாரம் அடுத்த ஊர்க் கல்யாணத்தில் ஒரு கிழவர் இதே வாழ்த்தைச் சொன்னார். "எங்க பாட்டன் முப்பாட்டன் காலத்து வாழ்த்து, சின்னப் பசங்களுக்கு என்ன தெரியும்?" என்று என்னிடமே சாதித்தார்!

வீட்டுக்கு வாருங்கள் அண்ணி.

கோச்சா

ஸுக்திதி,
11 ஏப்ரல் 1995

அன்புள்ள கோச்சா,

உன் அண்ணன் கிடைத்துவிட்டார். கடற்கரை ஓரம் ஒரு குழியில் பலரோடு இருந்தார். நான் பின்னிக் கொடுத்த பச்சை ஸ்வெட்டர், இடது முழங்கையில் ஒட்டு. வேறு யாருடையதோ என்று நினைக்க ரொம்பப் பாடுபட்டேன். முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவரை அழைத்துவருகிறேன். அத்தையிடம் நீயே சொல். மேசைக்கு நீதான் தமாதா, வேறு யாரும் வேண்டாம். இந்த முறை அவர் பெயரை வாய்விட்டுச் சொல்லி ரொட்டியில் ஊற்று. கை நடுங்கினால் நடுங்கட்டும்.

அடுத்த கிண்ணத்தை விட்டுவிடாதே. அந்த நான்கு வீட்டுப் பெண்களும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த வாழ்த்தை நான் எழுந்து நின்று சொல்கிறேன்.

உன் அண்ணி,
சியூரி