மூன்று சூட்டு ஓடுகள்

மார்ச் 4

புதுக் கூரைக்கு ஓடு தேர்ந்தெடுக்கப் போனோம். நாம் கேட்கும் நிறத்தில் சுட்டுத் தருவார்களாம். நான் பழுப்பு என்றேன். அப்பா தலையை ஆட்டிவிட்டு அண்ணியைப் பார்த்தார். அவள் ஒரு சாம்பல் நீல ஓட்டை வெளியே எடுத்துப்போய் வெயிலில் பிடித்தாள். பாட்டில் தண்ணீரை ஊற்றி நனைத்தும் பார்த்தாள். "மழையில கறுத்துப் போகாது மாமா." கடைக்காரரே எழுந்து வந்துவிட்டார். நீலம்தான் முடிவாயிற்று.

எனக்கு ஏன் அது தோன்றவில்லை? இந்த வீட்டில் கல்லூரி வரை போனவள் நான் ஒருத்திதான்.

மார்ச் 5

நீலம் நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் எரிச்சல்.

மார்ச் 29

ஓடு வந்திறங்கியது. மேஸ்திரி ஓட்டுக் கட்டு ஒன்றிலிருந்து தாளை உருவி, "இங்கிலீஷ்ல இருக்கு, என்னன்னு பாருங்க" என்றார்.

"நம்ம பொண்ணு பாத்துக்கும். டிகிரி முடிச்சிருக்கு," என்றார் அப்பா.

தாளில் தெளிவாக இருந்தது: ஓடுகள் மூன்று சூட்டில் தனித்தனியாகச் சுட்டவை, சூட்டுக்குச் சூடு நிறம் சற்று மாறும், மூன்று அடுக்கிலிருந்தும் கலந்து எடுத்து வேயவும்.

வாயைத் திறப்பதற்குள் அப்பா மேஸ்திரியிடம், "கலரெல்லாம் என் மருமக பாத்ததுதான்" என்றார். டிகிரி என்று சொன்னபோது இல்லாத குழைவு அந்தக் குரலில்.

"ஒண்ணுமில்ல. கம்பெனி அட்ரஸ்தான்," என்றேன்.

ஏப்ரல் 2

தெருப்பக்கச் சரிவு முடிந்தது. பட்டை பட்டையாக மூன்று நீலம். அண்ணன் கீழே நின்று அண்ணியிடம், "என்னடி, கூரைக்குச் சேலை கட்டி விட்டிருக்கியா?" என்றான். பக்கத்து வீட்டில் சிரித்தார்கள். "நான் பாத்த நிறம் இது இல்லீங்க" என்று மட்டும் சொன்னாள். அப்பா உள்ளே போய்விட்டார்.

இதற்குத்தானே ஆசைப்பட்டாய் என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 3

காலையிலிருந்து அண்ணி மிச்ச ஓடுகளை ஒவ்வொன்றாக வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்குத்தான் கண்ணு சரியில்லையோ?" என்று கேட்டாள். அதுவும் என்னிடம்.

தாளைக் கொண்டுவந்து கொடுத்தேன். "அன்னிக்கே படிச்சேன் அண்ணி. வேணும்னுதான் சொல்லல. அப்பா உங்களையே..."

தாளை மடித்தாள், பிரித்தாள். "மாமாகிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா கோள் மூட்டின மாதிரி ஆயிடும்."

சொன்னேன். அப்பா திட்டியிருக்கலாம். "அப்படியா" என்றார்.

ஏப்ரல் 5

சரிவு முழுவதையும் பிரித்து மறுபடி வேய்கிறார்கள். மூன்று அடுக்கிலிருந்தும் மாற்றி மாற்றி எடுத்துக் கொடுப்பது என் வேலை. உள்ளங்கை உரிந்துவிட்டது. மேலேயிருந்து மேஸ்திரி, "கம்பெனி அட்ரஸ், அடுத்த ஓட்டைக் குடும்மா" என்கிறார். அண்ணிகூடச் சிரித்துவிட்டாள். என்னைப் பார்த்து அல்ல.

ஏப்ரல் 9

முடிந்தது. எந்த ஓடு எந்தச் சூட்டில் வந்தது என்று இப்போது எனக்கே தெரியவில்லை. என் பழுப்பு இவ்வளவு அழகாக இருந்திருக்காது. இதை எழுதும்போதும் உள்ளே ஏதோ சுருக்கென்கிறது.

கூரையை எப்படிப் பராமரிப்பது என்று இங்கிலீஷில் அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்துவிட்டு மேஸ்திரி கிளம்பினார். கை நீட்டினேன். அப்பா தரவில்லை.

"அண்ணியும் வரட்டும்."

அண்ணி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பத்தாவதோடு நின்றவள், இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் வரும். நான் படித்துப் படித்துத் தமிழில் சொன்னேன். அவள் விரல் தாளின்மேல் கூடவே வந்தது. நான் சற்று வேகமாகப் போனால் விரல் நின்றுவிடும். நானும் நின்று, அந்த வரியை மறுபடி படித்தேன்.