தெருப்பக்க ஜன்னலில் ஒரு விளக்கு

பாப்பாவின் அம்மாவுக்கு,

பிரார்த்தனைக் கூடத்தில் எனக்கு ஒரு வேலை தந்திருக்கிறார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு எண்ணெய் விளக்குகளை ஏற்ற வேண்டும். லைட் இருக்கும்போது இது எதற்கு என்று எரிச்சல் வந்தது. ஆறு மணிக்கு என் கால் எந்தக் கடைக்குப் போகும் என்பது உனக்குத் தெரியாததா?

கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் தச்சரிடம் கேட்டேவிட்டேன்.

"உனக்கு முன்னாடி நான்தான் ஏத்தினேன். எனக்கும் ஆறு மணிதான்ப்பா கண்டம்," என்றார்.

போன வாரம் ஒரு நாள் தாமதமாகப் போனேன். எங்கே நின்றேன் என்று எழுதப்போவதில்லை, நின்றதோடு சரி, குடிக்கவில்லை. கூடத்தில் எல்லோரும் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சுவிட்சைத் தொடவில்லை. தச்சர் தீப்பெட்டியை நீட்டினார்.

ஒவ்வொரு திரியாகப் பற்றவைக்க, சுவர்கள் மெல்ல விலகி, கூடமே தண்ணீரில் மிதப்பதுபோல் இருந்தது. என் கையின் நிழல் கூரையில் பறவையாக அலைந்தது. பின்னால் யாரோ தாழ்ந்த குரலில் பாடினார்கள். நீதான் என்று வைத்துக்கொண்டேன்.

கடைசி விளக்கைத் தெருப்பக்க ஜன்னலில் வைக்கிறேன். நீ உன் அம்மா வீட்டுக்குத் திரும்பும் பஸ் அந்த வழியாகத்தான் போகிறது. நான் போகாத நாளில் அது எரியாது.

இறங்க வேண்டாம். பாப்பாவை ஜன்னலோரம் உட்கார வை, போதும்.

பாப்பாவின் அப்பா