ஆறு மணி அட்டை

ஜூன் 4
இந்தக் கார் ஷோரூமில் ஆபீஸ் வேலைக்கு நான் வந்து இன்றோடு பத்தொன்பது வருடம். யாருக்கும் ஞாபகமில்லை, எனக்கே மத்தியானம்தான் உறைத்தது. வழக்கம்போல ஆறு மணிக்கு என் அட்டையோடு, வண்டி கழுவும் நாலு பேருடைய அட்டையையும் கடிகாரத்தில் அடித்தேன். ஈரக்கை பட்டால் அட்டை ஊறிப்போகும் என்று, அவர்களில் மூத்தவரான வாட்டர் சர்வீஸ் அண்ணன் முதல் வாரமே என்னிடம் விட்ட வேலை. அட்டை ஆறு மணிக்கு வீட்டுக்குப் போய்விடும். ஆட்கள் போக எட்டு, ஒன்பது ஆகும்.

ஜூன் 9
என்ன நாட்கள் அவை! மறுநாள் டெலிவரிக்கு ஏழெட்டு வண்டி வரிசையாக நிற்கும். பெரிய முதலாளியே சட்டைக்கையை மடித்துவிட்டுக் கண்ணாடி துடைப்பார். நான் ரிப்பன் கட்டுவேன். ரேடியோவோடு அண்ணன் பாடினால், வண்டியெல்லாம் பயந்து ஓடப்போகிறது என்று கிண்டல் செய்வேன். முடிந்ததும் முதலாளி எல்லோரையும் தன் காரிலேயே வீட்டில் இறக்கிவிடுவார். அதற்குக் கூலி கேட்க யாருக்குத் தோன்றும்?

அவர் இறந்துபோய் ஆறு வருடம். மகன் வந்தார். ரேடியோ போயிற்று, கார் சவாரி போயிற்று. வேலை மட்டும் அப்படியே இருக்கிறது.

ஜூன் 17
அண்ணனுக்கு முட்டி தேய்ந்துவிட்டது, ஆபரேஷனுக்குப் பணம் வேண்டுமாம். ஓவர்டைம் கேட்டுத் தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறார். கமிஷன் வாங்கும் விற்பனையாளருக்குத்தான் ஓவர்டைம் கிடையாதாம். கழுவுகிறவருக்கு உண்டாம், கடைசி மூன்று வருடத்துக்கு. சின்ன முதலாளி பதிலுக்கு அட்டைக் கட்டைத் தூக்கி அங்கே கொடுத்துவிட்டார். எல்லாம் ஆறு மணி. எல்லாம் நான் அடித்தது.

ஜூன் 18
தூக்கமே இல்லை.

ஜூன் 20
அண்ணன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. "நீ உன் பொழப்பப் பாரும்மா. உன் பொண்ணு படிச்சுக்கிட்டிருக்கா" என்றார். சின்ன முதலாளியோ, ஆறு மணிக்குப் பிறகு அவர்கள் சும்மா அரட்டை அடித்ததாக விசாரணையில் சொல்லச் சொல்கிறார். பெரியவர் காலத்தில் சிரித்தோம், பாடினோம்தான் – அது அரட்டையா? அதுவும் வேலை என்றால், பெரியவரும் எங்களை ஏமாற்றினார் என்றுதானே ஆகும்? அவரைப் போய் எப்படி – சீ, என்ன மனுஷி நான்! தண்ணியில நின்னு தேஞ்சது அண்ணன் முட்டி. என் முட்டியா தேஞ்சுது?

ஜூலை 2
தொழிலாளர் அலுவலக அதிகாரி அம்மா கேட்டார். சொல்லிவிட்டேன்.

"அட்டை அடிச்சது நான்தாங்க. அதுக்கப்புறமும் அவங்க இருந்தாங்க. பெரியவர் காலத்துல சந்தோஷமாத்தான் இருந்தாங்க, ஆனா அப்பவும் வேலைதான் செஞ்சாங்க."

வெளியே வந்து, மனசுக்குள் பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஆகஸ்ட் 12
மூன்று வருட ஓவர்டைமையும் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. என்னை உதிரிபாகக் கிடங்குக்குத் தூக்கியடித்துவிட்டார்கள். போகட்டும். இனி ஒரு நிமிடம்கூட ஓவர்டைம் கிடையாது என்று சின்ன முதலாளி ஆறு மணிக்கே குழாயை மூடச் சொல்லிவிட்டார்.

ஏழு மணிக்கு அண்ணி போன் செய்தார்.

"கல்யாணமாகி இருபத்திரெண்டு வருஷம்மா. வேலைக்குப் போன நாள்ல, இன்னைக்குத்தான் இந்த மனுஷன் இருட்டறதுக்கு முன்னாடி வீட்டுக்கு வந்திருக்காரு."

நாங்கள் பாடிக்கொண்டிருந்த அத்தனை சாயங்காலமும் அண்ணி அங்கே காத்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அது ஒருநாளும் தோன்றவில்லை.